பொய் சொல்லி வாங்கிய கடன் திவாலில் ஏன் கரைவதில்லை?

இரண்டு பேர் ஒரே வங்கியில் ஒரே தொகையைக் கடனாக வாங்குகிறார்கள். முதலாமவருக்கு அப்போது நல்ல வேலை இருக்கிறது. ஆறு மாதம் கழித்து நிறுவனத்தில் ஆள்குறைப்பு நடக்கிறது, வேலை போகிறது, தவணை நின்றுபோகிறது. இரண்டாமவருக்குக் கடன் கேட்கும்போதே வேலை இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் வேலை இருப்பதாக எழுதி, பழைய சம்பளச் சீட்டில் தேதியை மாற்றி இணைத்துக் கொடுத்துவிடுகிறார். சில மாதங்களில் அவருடைய தவணையும் நிற்கிறது. கடைசியில் இருவருமே திவால் மனு கொடுக்கிறார்கள்.

வங்கியின் கணக்குப் புத்தகத்தில் இருவரும் ஒன்றுதான், இரண்டும் வராக்கடன். திவால் சட்டமோ இருவரையும் வேறு வேறாகப் பார்க்கிறது. முதலாமவரின் கடன் நீதிமன்ற ஆணையோடு முடிந்துவிடும். இரண்டாமவரின் கடன், வங்கி உரிய நேரத்தில் வழக்குப் போட்டு நிரூபித்துவிட்டால், திவாலுக்குப் பிறகும் அவர் கூடவே வரும்.

இந்த விஷயத்தில் மக்களிடம் இரண்டு தவறான எண்ணங்களைப் பார்க்கிறேன். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் எல்லாக் கடனும் தொலைந்தது என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம். கடனைக் கட்ட முடியாமல் போனதாலேயே தாங்கள் மோசடிக்காரர்கள் ஆகிவிட்டதாக நினைத்துத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகையினரை நினைத்துத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். சட்டம் எதை மோசடி என்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரிந்தாலே அவர்களுடைய பயத்தில் பாதி போய்விடும்.

விளக்கத்துக்குப் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வியை அங்கே உச்ச நீதிமன்றம் வரை பலமுறை கொண்டுபோய், வார்த்தை வார்த்தையாக அலசியிருக்கிறார்கள். இங்கிலாந்து, இந்தியச் சட்டங்களிலும் அடிப்படை இதுவேதான். அவற்றைக் கடைசியில் தொடுகிறேன்.

முதலில் திவால் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கட்ட முடியாத அளவுக்குக் கடன் ஏறிவிட்ட ஒருவர் நீதிமன்றத்துக்குப் போகிறார். தன் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கிறார். பிழைப்புக்குத் தேவை என்று சட்டம் விட்டுவைப்பது போக, மிச்சச் சொத்தை விற்றோ, சில ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியை எடுத்தோ, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தருவார்கள். அதற்கு மேல் மீதி நிற்கும் கடனிலிருந்து அவரை விடுவித்துவிடுவார்கள். இதைத்தான் கடன் விடுவிப்பு என்கிறோம். வாழ்க்கையை மறுபடி தொடங்க ஒரு வாய்ப்பு.

அந்த வாய்ப்பு யாருக்கு? 1934-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதற்குப் பதில் சொன்னது: நேர்மையாக இருந்தும் காலம் கைவிட்ட கடனாளிக்கு. இன்றுவரை திவால் வழக்குகளில் அந்தச் சொற்றொடரை மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. காலம் கைவிட்டிருக்க வேண்டும். நேர்மையும் இருந்திருக்க வேண்டும். இன்று நடைமுறையில் இருக்கும் அமெரிக்கத் திவால் சட்டம் 1978-இல் இயற்றப்பட்டது. அதன் 523-ஆம் பிரிவில், விடுவிக்கப்படாத கடன்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. குழந்தை பராமரிப்புத் தொகை, சில வகை வரிகள் போன்றவற்றோடு, ஏமாற்றிப் பெற்ற பணம், பொருள், சேவை, கடன் ஆகியவையும் அதில் அடங்கும். புதிதாக வாங்கிய கடன் மட்டுமல்ல, பொய் சொல்லிப் பெற்ற தவணை நீட்டிப்பும் பழைய கடனின் புதுப்பிப்பும்கூட இதில் சேரும். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது.

கட்டாமல் போவது மோசடி ஆகாது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

கடன் வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு வாக்குக் கொடுக்கிறார்: "திருப்பித் தருவேன்." அந்த வாக்கு பின்னால் பொய்த்துப்போவது வேறு, கொடுக்கும்போதே பொய்யாக இருப்பது வேறு. சட்டம் கேட்பது ஒரே கேள்வி: பணத்தைக் கையில் வாங்கிய அந்த நேரத்தில் மனதில் என்ன இருந்தது? அப்போது தருவதாகத்தான் எண்ணம் இருந்தது, அப்புறம் வியாபாரம் படுத்துவிட்டது, நோய் வந்துவிட்டது, குடும்பம் பிரிந்துவிட்டது என்றால் அது மோசடி இல்லை. எண்ணம் இருந்தது, ஆனால் கணக்குத் தப்பு, ஆசை அதிகம், யோசிக்காமல் வாங்கிவிட்டார் என்றால்? அதுவும் மோசடி இல்லை. முட்டாள்தனமான நம்பிக்கைகூட, உண்மையான நம்பிக்கையாக இருக்கும்வரை, ஏமாற்று ஆகாது.

"அடுத்த மாதம் ஒரு பெரிய ஆர்டர் வரும், அதில் அடைத்துவிடலாம்" என்று நினைத்துக் கடன் வாங்கியவர், அந்த ஆர்டர் வராமல் போனதால் இரவெல்லாம் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். சட்டம் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆர்டர் வரப்போவதே இல்லை என்று தெரிந்தும் "வருகிறது, கையெழுத்தாகிவிட்டது" என்று சொல்லி வாங்கியிருந்தால்தான் கதை மாறும்.

சரி, ஒருவர் மனதில் என்ன இருந்தது என்பது எப்படித் தெரியும்? யாரும் "நான் ஏமாற்றத்தான் வாங்கினேன்" என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் நீதிமன்றங்கள் சுற்றியிருக்கும் அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கின்றன. கடன் வாங்கியதற்கும் திவால் மனுவுக்கும் நடுவில் எத்தனை நாள்? வாங்கும் முன்பே திவால் வழக்கறிஞரைப் பார்த்து யோசனை கேட்டிருக்கிறாரா? வேலை இருந்ததா, வருவதற்கான வழியாவது இருந்ததா? கிரெடிட் கார்டில் வழக்கமாக மாதம் நாலு முறை தேய்ப்பவர் திடீரென்று ஒரே நாளில் பத்து முறை தேய்த்திருக்கிறாரா? வாங்கியது மருந்தும் மளிகையுமா, நகையும் சுற்றுலாவுமா? பணவிவரம் அறிந்தவரா, அப்பாவியா? இவற்றில் எந்த ஒன்றும் தனியாகத் தீர்ப்பை முடிவு செய்வதில்லை. எல்லாம் சேர்ந்து ஒரு சித்திரம் கிடைக்கிறது.

வாய்ப் பொய்யும் எழுத்துப் பொய்யும்

அமெரிக்கச் சட்டத்தில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப்பட்ட இடம் இது. பொய்களை அது இரண்டாகப் பிரிக்கிறது. பொதுவான பொய்கள் ஒரு வகை: விற்கும் பொருளைப் பற்றியது, பணத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறேன் என்பது, தான் யார் என்பது. இவை வாயால் சொன்னாலும் மோசடிதான். தன்னுடைய நிதிநிலைமை பற்றிய பொய் இரண்டாவது வகை: சம்பளம் எவ்வளவு, சொத்து என்ன, வேறு கடன் இருக்கிறதா என்பவை. இந்த வகைப் பொய் எழுத்தில் இருந்தால் மட்டுமே கடன் விடுவிப்பைத் தடுக்கும். வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது.

2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் பார்த்தால் இது எவ்வளவு கறாரான விதி என்பது புரியும். ஒருவர் தன் வழக்கறிஞர் நிறுவனத்துக்கு 60,000 டாலருக்கு மேல் கட்டணம் பாக்கி வைத்திருந்தார். அவர்கள் வேலையை நிறுத்தப்போவதாகச் சொன்னதும், கட்டிய வரியிலிருந்து தனக்குச் சுமார் 1,00,000 டாலர் திரும்பி வரப்போகிறது, அதில் எல்லாவற்றையும் அடைத்துவிடுவதாக வாயால் சொன்னார். நம்பி அவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். வந்தது 60,000 டாலருக்கும் சற்றுக் குறைவு. அதையும் தன் தொழிலில் போட்டுவிட்டு, இன்னும் பணம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு திவால் மனு. ஒரே ஒரு சொத்தைப் பற்றிச் சொன்னாலும் அது நிதிநிலைமை பற்றிய கூற்றுதான், அது எழுத்தில் இல்லை, ஆகவே இந்தக் கடன் விடுவிக்கப்படலாம் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

படித்தவுடன் அநியாயமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எழுத்து வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சாதாரண மக்களுக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள் சில, ஒரு காலத்தில் இப்படிச் செய்தன: விண்ணப்பத்தில் மற்ற கடன்களை எழுதச் சொல்லி மிகச் சிறிய இடம் விட்டிருப்பார்கள். ஒன்றிரண்டை எழுதினால் போதும் என்று ஊழியரே சொல்வார். வாங்குபவரும் முக்கியமானதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பின்னால் அவர் திவாலானால், "எல்லாக் கடனையும் எழுதவில்லையே, இது பொய் அறிக்கை" என்று அந்தத் தாளை நீட்டுவார்கள். அதாவது தங்கள் கடன் மட்டும் அழியாமல் இருப்பதற்காகவே ஒரு பொய்யை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தை எழுதியபோது இந்த வழக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டது. அதனால்தான் நிதிநிலைமை பற்றிய பொய்க்குத் தனியாக நாலு பூட்டுப் போட்டது: எழுத்தில் இருக்க வேண்டும், முக்கியமான அளவில் பொய்யாக இருக்க வேண்டும், கடன் கொடுத்தவர் அதை நியாயமான முறையில் நம்பியிருக்க வேண்டும், ஏமாற்றும் நோக்கத்தோடு தரப்பட்டிருக்க வேண்டும்.

அந்த மூன்றாவது பூட்டைக் கவனியுங்கள். கடன் கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்கிறது சட்டம். விண்ணப்பத்தில் எழுதியிருப்பது பொய் என்று தெரிந்தே கொடுத்திருந்தாலோ, அந்தத் தாளைப் படிக்காமலே பணத்தைக் கொடுத்திருந்தாலோ, "நான் அதை நம்பித்தான் கொடுத்தேன்" என்று பின்னால் சொல்ல முடியாது. சாதாரணக் கவனம் உள்ள ஒரு வங்கி சரிபார்த்திருக்கும் என்றால், இவர்களும் பார்த்திருக்க வேண்டும்.

மற்ற வகைப் பொய்களுக்கு அளவுகோல் இவ்வளவு கடுமை இல்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு பழைய உதாரணத்தைக் காட்டியது. குதிரையைக் காட்டி, இதற்கு எந்தக் குறையும் இல்லை என்று விற்கிறார் ஒருவர். குதிரைக்கு ஒரு கண்தான் இருக்கிறது. ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதைக்கூடப் பார்க்காமல் வாங்கியவர், ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத குறை என்றால், அலுவலகம் அலுவலகமாகப் போய் விசாரித்திருக்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

கடைசி நேரச் செலவு

திவால் மனு கொடுப்பதற்குச் சற்று முன்பு கார்டை வைத்து வாரி வாங்குவதைப் பற்றிச் சட்டம் தனியாகப் பேசுகிறது. மனுவுக்கு முந்தைய 90 நாளுக்குள் ஒரே நிறுவனத்தின் கடனில் 900 டாலருக்கு மேல் ஆடம்பரப் பொருளோ சேவையோ வாங்கியிருந்தால், அல்லது 70 நாளுக்குள் 1,250 டாலருக்கு மேல் கார்டு போன்றவற்றிலிருந்து ரொக்கமாக எடுத்திருந்தால், அதை ஏமாற்றும் நோக்கத்தோடு செய்ததாகவே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தொகைகள் 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பவை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கு ஏற்ப மாற்றுவார்கள்.

முதலில் எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் சொன்னேன். கடன் வாங்கியவர் அதை மறுத்து விளக்கம் தரலாம். அப்போது திவால் பற்றிய யோசனையே இல்லை, அதற்குப் பிறகுதான் விபத்து நடந்தது என்று அவர் காட்ட முடிந்தால், அந்த அனுமானம் விலகும். தனக்கோ தன்னை நம்பியிருப்பவர்களுக்கோ நியாயமாகத் தேவைப்பட்ட சாப்பாடு, உடை, மருந்து போன்றவை ஆடம்பரத்தில் சேராது. இதையும் சொல்லியே ஆக வேண்டும்: 91-வது நாள் வாங்கியது தானாகவே தப்பிவிடாது. அனுமானம் போய்விடும், அவ்வளவுதான். நோக்கத்தை வேறு சான்றுகளால் நிரூபிக்கக் கடன் கொடுத்தவருக்கு வழி திறந்தே இருக்கும்.

யார் நிரூபிக்க வேண்டும்?

கடன் கொடுத்தவர்தான். திவால் நீதிமன்றம் தானாகவே ஒவ்வொரு கடனையும் கிளறி, இதில் மோசடி இருக்கிறதா என்று தேடாது. கடனாளியைக் கேள்வி கேட்பதற்கான கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாளுக்குள், கடன் கொடுத்தவர் தனி வழக்காகத் தாக்கல் செய்ய வேண்டும். நீட்டிப்புக் கேட்பதானாலும் அந்தக் கெடுவுக்குள் கேட்க வேண்டும். தகவல் கிடைத்தும் அந்தக் கெடுவைத் தவறவிட்டால், எவ்வளவு பெரிய பொய்யாக இருந்தாலும் அந்தக் கடன் மற்றவற்றோடு சேர்ந்து போய்விடும்.

நிரூபிக்க வேண்டிய அளவு, கொலை வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி என்பது இல்லை. இரு பக்கச் சான்றையும் தராசில் வைத்தால் மோசடி நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று தோன்றினால் போதும். 1991-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

பயந்துபோன கடனாளிகளை மிரட்டிப் பணம் பறிக்க இந்த வழக்குகளைப் பயன்படுத்தும் ஆபத்தையும் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது. வீட்டுத் தேவைக்கான கடன் ஒன்றில், போதிய அடிப்படையே இல்லாமல் மோசடி வழக்குப் போட்டுக் கடன் கொடுத்தவர் தோற்றால், கடனாளியின் வழக்கறிஞர் கட்டணத்தை அவரே கொடுக்க வேண்டிவரும். ஆகவே "உங்கள் மேல் மோசடி வழக்குப் போடப்போகிறோம், பாதியாவது கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதே சமயம், நிஜமாகவே நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடக் கூடாது. பதில் சொல்லாமல் இருந்தால் எதிர்த்தரப்பு சொன்னதையே ஏற்றுத் தீர்ப்பு வந்துவிடலாம். உண்மையில் மோசடியே செய்யாதவர்கள், பயத்தில் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கடனை ஆயுள் முழுக்கச் சுமக்கும் நிலை வருவதுதான் இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

மோசடி நிரூபணமானால் எவ்வளவு நிற்கும்? வாங்கிய அசல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1998-இல் ஒரு வீட்டு உரிமையாளரின் வழக்கு. வாடகைக் கட்டுப்பாட்டை மீறி அதிகமாக வசூலித்த சுமார் 31,000 டாலரைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. மோசடி என்பதால் மாநிலச் சட்டப்படி அது மூன்று மடங்காகி 94,000 டாலரைத் தாண்டியது. வழக்குச் செலவு வேறு. மொத்தமுமே விடுவிக்க முடியாத கடன் என்றது உச்ச நீதிமன்றம்.

2023-இல் வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. ஒரு தம்பதி கூட்டாளிகளாகச் சேர்ந்து ஒரு வீட்டைப் புதுப்பித்து விற்றார்கள். வீட்டின் குறைகளைக் கணவர் மறைத்தார். மனைவிக்கு அது தெரியாது என்று கீழ் நீதிமன்றத்தில் முடிவானது. அப்படியிருந்தும், கூட்டாளியின் மோசடியால் வந்த பொறுப்பு என்பதால் அவராலும் அதைத் திவாலில் கரைக்க முடியாது என்றார்கள். ஏமாற்றியவர் யார் என்று சட்டம் பார்க்கவில்லை, பணம் எப்படி வந்தது என்று பார்த்தது. இன்னொருவரோடு கூட்டுத் தொழிலில் கையெழுத்துப் போடுகிறவர்கள், கூட்டாளி வங்கிக்கு என்ன எழுதிக் கொடுக்கிறார் என்று படித்துப் பார்க்க இந்த ஒரு தீர்ப்பே போதும்.

இதுவரை பேசியது கடன் நிற்குமா, போகுமா என்பதைப் பற்றி மட்டும்தான். சிறைத்தண்டனை அதற்குத் தனி. அமெரிக்காவில் மத்திய அரசின் காப்பீடு பெற்ற வங்கியிடம் தெரிந்தே பொய் விவரம் கொடுத்துக் கடன் வாங்க முயன்றால் 30 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம் என்கிறது குற்றவியல் சட்டம். திவால் மனுவிலேயே சொத்தை மறைத்தால் விளைவு இன்னும் பரந்தது: ஒரு கடன் மட்டுமல்ல, எல்லாக் கடன்களுக்குமான விடுவிப்பையே மறுத்துவிடலாம்.

திவாலான பிறகு வாங்கும் கடன்

இங்கிலாந்திலும் இந்தியாவிலும் இதே மோசடி விதி இருக்கிறது. இங்கிலாந்தின் 1986 நொடிப்புச் சட்டத்தில், மோசடியால் வந்த கடனிலிருந்து திவால் விடுவிப்பு ஒருவரைக் காப்பாற்றாது. இந்தியாவில் 2016-இல் புதிய நொடிப்பு மற்றும் திவால் சட்டம் வந்தது. ஆனால் தனிநபர்களுக்கான அதன் பகுதி 2019 டிசம்பரில், நிறுவனக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு 1909, 1920-ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்கள்தான். 1920 சட்டத்தின் 44-ஆம் பிரிவும் மோசடியால் ஏற்பட்ட கடனை விடுவிப்பிலிருந்து விலக்கி வைக்கிறது.

இந்த இரண்டு நாடுகளிலும் கவனிக்க வேண்டிய இன்னொரு விதி உண்டு. திவாலாக அறிவிக்கப்பட்டு, இன்னும் விடுவிப்பு ஆணை கிடைக்காத காலத்தில் ஒருவர் புதிதாகக் கடன் கேட்டால், தன் நிலையைத் தானே முன்வந்து சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அந்தக் காலம் பொதுவாக ஓராண்டு; அதற்குள் 500 பவுண்டோ அதற்கு மேலோ சொல்லாமல் வாங்கினால் குற்றம். இந்தியாவின் 1920 சட்டத்தில் அந்த வரம்பு 50 ரூபாய். தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இங்கே பொய் சொல்லியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்பது எடுபடாது; வாய் திறக்காமல் வாங்கியதே போதும். தன் நிலையைச் சொல்லிவிட்டு, அதைத் தெரிந்துகொண்ட பிறகும் எதிரில் இருப்பவர் மனம் ஒப்பிக் கொடுத்தால், இந்த விதிப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை.